குசினி ஸ்பானிஷ்

அப்பா பெருவிரலால் கமராவை மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னார். தொலைபேசித் திரை முழுவதும் சிவப்பும் கறுப்பும் கலந்த நிறமாகிவிட்டது. முகத்தை மறைக்கத் தெரிந்தவருக்குக் குரலையும் மறைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு கதவு திறக்கும் சத்தம், ஒரு பெண்ணின் குரல், அதற்கு அப்பாவின் பதில். பிறகு விரல் விலகியது. அப்பா பழையபடி சிரித்த முகத்தோடு, "ம், சொல்லும் ஜொய்சி, உங்கை மழை ஏதும் பெய்ததோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. ஒவ்வொரு ஞாயிறும் இந்த நேரத்தில்தான் அப்பா ஸ்பெயினிலிருந்து எடுப்பார். அங்கே அப்போது மத்தியானம். காலை ஆராதனைக்கு உடுத்த சேலையை அம்மா இந்த அழைப்புக்காகவே மாற்றாமல் வைத்திருப்பாள். வழக்கமாக அப்பா வெளியே எங்காவது நின்றுதான் கதைப்பார். வேலையிடத்து வான் அருகில், இல்லையென்றால் வெள்ளை பிளாஸ்ரிக் கூடாரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில். அன்றைக்கு அங்கே மழையாம். மழையே பெய்யாத ஊரில் மழை. அதனால் அறைக்குள் இருந்தார்.

"என்னவாம்? ஆர் கூப்பிடுகினம்?" அம்மா நிவேதனாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "பிதா எண்டு ஏதோ சொன்னார். சாப்பாட்டு ஜெபமோ?"

"சாப்பிடக் கூப்பிடினம் அம்மா. கூட இருக்கிற ஆக்கள்."

அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பெண் ஸ்பானிய மொழியில் கேட்டது, "வருகிறாயா இல்லையா? பிள்ளைக்குப் பசிக்கிறது" என்று. அப்பா சொன்னது, "இதோ வருகிறேன், என் உயிரே. தங்கச்சிதான், இலங்கையிலிருந்து. இரண்டு நிமிடம்" என்று. மி பிதா. என் உயிர். எழுதும்போது 'விதா' என்றிருந்தாலும் ஸ்பானிய வாயில் அது பிதா என்றுதான் விழும். இரண்டு நிமிடத்தைத் தெற்கத்திக்காரர்கள் சொல்வதுபோலக் கடைசி எழுத்துகளை விழுங்கி, "தோ மினூத்தோ" என்றார் அப்பா. ஆறு மாதத்துக்கு முந்தி என்றால் நிவேதனாவுக்கு அது பிடிபட்டிருக்காது. கேட்டல் பரீட்சையில் அவள் புள்ளிகளைக் கோட்டைவிடுவது அந்தத் தெற்கத்திப் பேச்சில்தான் என்று கண்டுபிடித்து, ஸ்பானிஷ் படிப்பிக்கும் தர்ஷிகா மிஸ் அவளை அந்தப் பக்கத்து வானொலி ஒன்றை நாள்தோறும் கேட்கவைத்திருந்தாள். மரக்கறி விலை, உதைபந்தாட்டம், ஆரோ ஒரு மாமியார் தொலைபேசியில் சொல்லும் குறைகள். அத்தனையும் கேட்டுக் கேட்டு, விழுங்கிய எழுத்துகளை மீட்டெடுக்கக் காது பழகியிருந்தது.

அம்மா தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள். கிணற்று மோட்டர் பழுது, பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் விளையாட்டுப்போட்டி, போதகரின் மாற்றம். அப்பா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார்.

அப்பா போகும்போது நிவேதனாவுக்கு ஐந்து வயது. இலண்டனுக்கு என்றுதான் வெளிக்கிட்டார். முகவர் ஆபிரிக்கா வரைக்கும் கொண்டுபோய்விட்டுக் கைகழுவ, எப்படியோ கடல் கடந்து ஸ்பெயினின் தெற்குக் கரையில் இறங்கி, அல்மேரியா என்ற ஊரில் தக்காளி பொதிசெய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. இடையில் ஒரேயொரு தடவை, தன் தகப்பனின் சாவீட்டுக்கு வந்து இரண்டு கிழமை நின்றார். "வீடொண்டு சரிவரட்டும், கூப்பிடுறன்" என்பதுதான் அன்றைக்கும் சொன்னது. அம்மா அதை நம்பினாள் என்று சொல்வது போதாது. அம்மா அதற்குள்தான் சீவித்தாள். புதிதாகக் கதிரை வாங்கலாமா என்று பேச்சு வந்தால், "போகேக்கை ஆருக்குக் குடுக்கிறது?" என்பாள். முற்றத்தில் மாங்கன்று வைக்கலாமா என்றால், "காய்க்கேக்கை நாங்கள் இஞ்சை நிக்கமாட்டம்" என்பாள். வீடு முழுவதும் பயணப் பெட்டிக்கு இடம்விட்டு வைத்ததுபோல வெறுமையாகக் கிடந்தது.

ஸ்பானிஷ் படிக்க வைத்ததும் அம்மாதான். நகரத்துச் சர்வதேசப் பாடசாலை ஒன்றில் இலண்டன் பரீட்சைக்கு அந்த மொழியும் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட கிழமையே மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "உது எதுக்கு உவளுக்கு? இங்கிலிசை ஒழுங்காப் படிக்கச் சொல்லும்" என்றார். நிவேதனா முதன்முதலாக ஸ்பானிய மொழியில் வணக்கம் சொன்னபோது தமிழில்தான் பதில் சொன்னார். "என்னோடை வேண்டாம் பிள்ளை. என்ரை குசினி ஸ்பானிஷ். கேட்டா உன்ரை படிப்புக் கெட்டுப்போகும்." அதைக் கூச்சம் என்று நினைத்து அவளுக்கு அப்பாமேல் இரக்கமாகக்கூட இருந்தது. சமையலறைக்குச் சொல்லும் குசினி என்ற சொல்லே கிட்டத்தட்ட ஸ்பானிஷ்தான் என்று சொல்லி அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். பறங்கிக்காரர் விட்டுப்போன சப்பாத்தும் மேசையும் அலுமாரியும் பாணும் அந்த மொழியிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தன. முதல் வருடத்தில் அவளுக்கு அது பிறத்தியார் மொழியாகவே படவில்லை. கூடப் படித்த எட்டுப்பேரும் சாதாரண தரத்தோடு வணிகக்கல்விக்குத் தாவியபோது அவள் மட்டும் உயர்தரத்துக்கும் அதையே எடுத்தாள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேசையில் இருந்தால் கால் ஆடியது. எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. குளிக்கப் போய்க் குளிக்காமல் திரும்பி வந்தாள். திங்கட்கிழமை ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போனவள், வாசலைக் கண்டும் நிறுத்தாமல் நகரத்தைக் கடந்து குருநகர்க் கரைவரைக்கும் ஓடினாள். வள்ளங்கள் வந்து, மீன் இறக்கிக்கொண்டிருந்த நேரம். சீருடையோடு ஒரு பெட்டை தனியே நிற்பதைக் கூடை வைத்திருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடலைப் பார்த்தால் மனம் ஆறும் என்பார்கள். அவளுக்கு அது ஒரு வழியாகத்தான் தெரிந்தது, ஆட்களைக் கொண்டுபோன வழி. திரும்பவும் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மனம் இலக்கணப் புத்தகத்தைப்போல வேலை செய்தது. கேட்ட வசனங்களை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் தேடியது. பிள்ளை என்றால் எந்தப் பிள்ளை? வீட்டுக்காரியின் பிள்ளையாக இருக்கலாம். அம்மாவைத் 'தங்கச்சி' என்றாரே. அங்கே ஏதாவது சபைக்குப் போகிறாரோ என்னவோ, சபையில் எல்லோரும் எல்லோருக்கும் சகோதரிதானே. 'என் உயிரே' என்பதுதான் இடறியது.

"மிஸ்," என்று செவ்வாய்க்கிழமை கேட்டாள், "தெற்குப் பக்கத்திலை ஆரையும் மி விதா எண்டு கூப்பிடுவினமோ? தெரியாத ஆக்களைக்கூட?"

தர்ஷிகா மிஸ் ஸ்பெயினின் வலென்சியாவில் வளர்ந்தவள். உரும்பிராயில் தோட்டம் செய்யும் ஒருவரைக் கலியாணம் கட்டிக்கொண்டு வந்து, இங்கே ஸ்பானிஷ் படிப்பிக்கிறாள். ஒரு மாணவி மட்டும் இருக்கும் வகுப்பு வகுப்பே இல்லை என்று நிர்வாகம் சொன்னபோது, சம்பளம் இல்லாமலும் எடுப்பேன் என்று சண்டை பிடித்தவள். அன்றைக்கு அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஓ, கடைக்காரியே சொல்லுவா. மிச்சக்காசு தரேக்கை சொல்லுவா, மி விதா எண்டு." சிவப்புப் பேனையை நிறுத்தினாள். "நீர் ஏன் கேக்கிறீர்?"

"றேடியோவிலை கேட்டனான்."

அந்த ஒரு பதிலில் அரைநாள் நிம்மதியாக இருந்தாள். மதியச் சாப்பாட்டைக்கூட முழுதாகச் சாப்பிட்டாள். பின்னேரம் திரும்பி வரும்போது மருதனார்மடம் சந்தையடியில், கிடாரம் அளவு பூசணியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி தன் புருசனைக் கூப்பிட்டாள். "இஞ்சேரப்பா" என்று, சலிப்போடு, திரும்பியும் பாராமல். அந்தக் கணத்தில் நிவேதனாவுக்கு விளங்கிவிட்டது. அது சொல்லில் இல்லை. 'வருகிறாயா இல்லையா' என்று அந்தப் பெண் கேட்டாளே, அந்தச் சலிப்பில் இருந்தது. பிறத்தியாரிடம் ஒருத்தியும் அப்படிச் சலித்துக்கொள்ளமாட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா எடுத்தபோது வெளியேதான் நின்றார். பின்னால் வெள்ளைக் கூடாரங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அம்மா பத்து நிமிடம் கதைத்து முடித்ததும் நிவேதனா கையை நீட்டி ரெலிபோனை வாங்கினாள். வாங்கும்வரைக்கும் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தபோது ஸ்பானிஷ் வந்தது.

"அப்பா, நான் ஒன்று கேட்கவேண்டும். சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா."

அந்த மொழியில் பிள்ளைகள் தகப்பனை 'நீ' என்றுதான் சொல்வார்கள். அவள் 'நீங்கள்' என்றாள். மரியாதைக்காக இல்லை. அங்கே அது தெரியாதவர்களுக்குச் சொல்வது.

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, கழற்ற மறந்த ஒன்றைப்போல.

"போன கிழமை பசிக்கிறது என்றார்களே, அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?"

காற்றில் பிளாஸ்ரிக் படபடவென்று அடித்தது. அப்பா ஒருதரம் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு அவரும் அந்த மொழியிலேயே சொன்னார். "ஐந்து ஆகப்போகிறது."

"கடவுளே, கதைக்கிறார்," என்றாள் அம்மா. அவளுடைய இரண்டு கைகளும் நெஞ்சில் சேர்ந்துவிட்டன. "இவ்வளவு நாளும் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன் எண்டு நிண்ட மனிசன்." அம்மாவுக்குத் தைத்த சட்டையைக் கொடுக்க வந்து நின்ற பக்கத்து வீட்டு ஜெயகௌரி அன்ரியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "கேளும் ஜெயகௌரி, தேப்பனும் மகளும் ஸ்பானிஷ் கதைக்கினம். வெள்ளைக்காரர் மாதிரி."

"பெயர் என்ன?" என்று கேட்டாள் நிவேதனா.

"லூசியா."

"அவளுக்கு என்னைத் தெரியுமா?"

"படத்தில் பார்த்திருக்கிறாள். மாமியின் மகள் என்று." அப்பாவின் குரல் உடைந்தது. இலக்கணமும் உடைந்தது. ஆண்பால் வரவேண்டிய இடத்தில் பெண்பால் வந்தது, இறந்தகாலம் வரவேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்தது. குசினி ஸ்பானிஷ் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு பிழையையும் தன் மனம் சிவப்புப் பேனையால் சுழித்துக்கொண்டே போவதைக் கவனித்தபோது நிவேதனாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. "நீ உன் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே. உன் பரீட்சை முடியட்டும். நானே சொல்கிறேன். நான்தான் சொல்லவேண்டும்."

"சொல்வீர்களா?"

"சொல்கிறேன்." பிறகு, "நீ நல்லாய்ப் பேசுகிறாய். என்னைவிட எவ்வளவோ நல்லாய்" என்றார்.

ரெலிபோனை அம்மா பறித்துக்கொண்டாள். "மெதுவாக் கதைச்சா எனக்கும் ரெண்டு சொல்லுப் பிடிபடுமெல்லே" என்று அப்பாவிடம் சிணுங்கினாள். அவளுடைய முகம் கலியாணப் படத்தில் இருப்பதுபோல இருந்தது. நிவேதனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் ஜெயகௌரி அன்ரியிடம் அம்மா சொல்வது கேட்டது. "அங்கை போய் இறங்கேக்கை எனக்கு ஒரு பயமும் இல்லை இனி. பிள்ளை எல்லாம் கதைப்பாள்."

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் இழுபட்டன. அப்பா ஞாயிறுகளில் எடுத்தார், வெளியில் நின்றே எடுத்தார், நிவேதனாவைக் கேட்காமலே வைத்தார். ஒவ்வொரு அழைப்பின்போதும் அவள் குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள வாசல் நிலையில் சாய்ந்து நின்று, இன்றைக்குச் சொல்வாரா என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. சொல்லாதபோது ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதல் அம்மாவுக்குச் செய்யும் வஞ்சகமாகவும் பட்டது. படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் ஓடின. பத்துப் பக்கம் வாசித்து ஒரு பக்கம் மனதில் நிற்காமல் எழும்புவாள். ஒழுங்கை முனைவரைக்கும் நடந்துபோவாள், ஆஞ்சநேயர் கோயில் ஒலிபெருக்கி கேட்கும், திரும்பி வருவாள். வாய்மொழிப் பயிற்சியிலும் அவளுடைய பழைய பிழையொன்று விடாமல் வந்தது. நடக்கிற காரியத்துக்கு ஒரு வினை, இனி நடக்கவேண்டிய, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற காரியத்துக்கு வேறொரு வினை. 'போகும்போது' என்று தமிழில் ஒரே சொல்லாகச் சொல்வதை அந்த மொழி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது.

"தினமும் கடைக்குப் போறதுமாதிரிச் சொல்லுறீர்," என்றாள் தர்ஷிகா மிஸ். "நீங்கள் இன்னும் ஸ்பெயினுக்குப் போகேல்லையெல்லோ? இன்னும் நடக்காததுக்கு அந்த மற்ற வினைதான் போடவேணும். எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"தெரியும் மிஸ். வாயிலை வருதில்லை."

"வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

கேட்ட விதத்தில் சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் மிஸ் அந்தக் கணமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள், குழந்தை உதைத்ததாம். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் இதை வைக்க நிவேதனாவுக்கு மனம் வரவில்லை. "ஒண்டுமில்லை மிஸ்" என்றாள்.

வீட்டில் இன்னொன்று தொடங்கியிருந்தது. அம்மா ஸ்பானிஷ் படிக்க ஆசைப்பட்டாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மெட்டிலே எல்லாவற்றையும் பாட்டாக்கினாள். ஒன்று இரண்டு மூன்று பாடினாள். காலை வணக்கம் பாடினாள். பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "பிள்ளை, 'நான் இவரின்ரை மனிசி' எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

"ஏனம்மா?"

"எயார்ப்போட்டிலை கேப்பினம்தானே, நீ ஆரெண்டு. நீயே எல்லாத்துக்கும் முன்னுக்கு நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கேலாது. அந்த ஒண்டையாவது நான் என்ரை வாயாலை சொல்லவேணும்."

என்ன சொல்லிக்கொடுத்தாலும் அம்மா அப்படியே பாடுவாள். 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொடுக்கலாம். 'நன்றி, போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொடுக்கலாம். சரிபார்க்க இந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

"சோய் சு எஸ்போசா," என்று கடைசியில் 'மனைவி' என்பதை மாற்றாமலே சொல்லிக்கொடுத்தாள்.

"சோய் சு எஸ்போசா," என்றாள் அம்மா. முருங்கை நெட்டைக் கோப்பைக்குள் தட்டித் தாளம் போட்டாள்.

சனிக்கிழமை வாய்மொழிப் பரீட்சை. பாடசாலை நூலகத்தின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவில் 'அமைதி' என்று எழுதி ஒட்டிவிட்டு, தர்ஷிகா மிஸ் ஒலிப்பதிவுக் கருவியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். இலண்டனில் ஆரோ ஒருவர் கேட்டுப் புள்ளி போடுவார். மிஸ் பரீட்சைக் குரலில், கண்ணில் ஒரு உறவும் காட்டாமல் கேள்வி கேட்டாள். தண்ணீர்ப் பிரச்சினை, இளைஞரின் வேலையில்லாத் திண்டாட்டம், பிறகு குடும்பம். புலம்பெயர்வு குடும்பங்களை மாற்றிவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்களா?

நிவேதனா நினைத்ததைவிட நன்றாகப் பேசினாள். தகப்பன் தூரத்தில் இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகளின் கேட்கும் சக்தி கூர்மையாகிவிடும் என்றாள். மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. உங்களுடைய எதிர்காலத் திட்டம் என்ன என்ற கடைசிக் கேள்விக்கு, "நானும் அம்மாவும் ஸ்பெயினுக்குப் போகும்போது" என்று தொடங்கினாள். அந்த வினை, இத்தனை மாதமும் வாயில் வராத அந்த மற்ற வினை, நழுவி வந்து சரியான இடத்தில் விழுந்தது. மிஸ் பரீட்சைக் குரலை மறந்து தலையாட்டினாள். வசனத்தின் மிச்சத்தை எப்படி முடித்தாள் என்று நிவேதனாவுக்கு நினைவில்லை.

வீடு திரும்பும்போது மணி ஐந்தளவில் இருக்கும். அம்மா படலையடியிலேயே நின்றாள். "எப்பிடி?"

"நல்லாச் செய்தனான்."

"எனக்குத் தெரியும்." அம்மா மகளின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் மேசையிலிருந்த ரெலிபோனை எடுத்தாள். "அப்பாவுக்குச் சொல்லுவம்."

"நாளைக்கு ஞாயிறுதானே. அவர் எடுப்பார்."

"நாளைமட்டும் ஆர் பொறுக்கிறது? சனிக்கிழமை அரைநாள்தான் வேலை எண்டவர். இப்ப வீட்டிலைதான் நிப்பார்."

அவர்கள் ஒருபோதும் இங்கிருந்து எடுத்ததில்லை. வேலையிடத்தில் நிற்பார், தொந்தரவு செய்யக்கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம். அம்மா வெகு இலேசாக அதை மீறினாள். திரையில் அவர்கள் இருவரின் முகமும் தெரிந்தது, மணி போயிற்று.

"வைச்சிடுங்கோ அம்மா," என்றாள் நிவேதனா. கையை நீட்டினாள். சிவப்புப் புள்ளியை ஒரு விரலால் தொட்டால் போதும். அவளுடைய கை அம்மாவின் கைக்கு மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது. எத்தனை கிழமை இப்படி நிற்பது என்று நினைத்தாளோ, அதுகூட நினைக்கவில்லையோ, கையை எடுத்துக்கொண்டாள்.

திரை மாறியது. முதலில் ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது, மிகக் கிட்டத்தில். பிறகு பெரிய கண்கள், ஒரு பல் இல்லாத வாய். ஒரு சின்னப் பெண். கையில் பாண் துண்டு.

"ஐயோ, என்ன வடிவு. ஆற்றை பிள்ளை இது?" என்றாள் அம்மா. குனிந்து கையை ஆட்டினாள். "கூட இருக்கிற ஆக்களின்ரையோ?"

பிள்ளை பாணை மென்றுகொண்டே என்னவோ சொன்னது. பின்னால் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லுது?"

"அப்பா குளிக்கிறாராம்," என்றாள் நிவேதனா.

அம்மாவின் கை ஆடுவது நின்றது. "பப்பா எண்டெல்லோ சொன்னது" என்றாள். அவளும் சின்னவயதில் தன் தகப்பனைப் பப்பா என்று கூப்பிட்டவள்தான். அந்தச் சொல்லுக்கு அவளுக்கு ஒருவரும் அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. திரையில் தெரிந்த நெற்றியைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற நிவேதனாவின் நெற்றியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் நிவேதனா நிலத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கு அதுவும் ஒரு பதிலாகப் போயிருக்கவேண்டும்.

"யார் அது, லூசியா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஈரக் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டே ரெலிபோனை வாங்கினாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். களைத்த, சாதாரணமான முகம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தாள். இந்தப் பக்கத்து முகத்தைக் கண்டதும் படத்தில் பார்த்த ஆளை அடையாளம் கண்டதுபோலச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. "ஆ, தங்கச்சி!" என்றாள் அந்த மொழியில். தூரத்து மைத்துனியை வரவேற்கும் குரல்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். ரெலிபோனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். அந்த மெட்டு இல்லை. ஒவ்வொரு சொல்லாக, பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் புதுச் சொல் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சோய். சு. எஸ்போசா."

அந்தப் பெண் சிரிப்பு மாறாமலே தலையைச் சற்றுச் சரித்தாள், தவறாகக் கேட்டுவிட்ட ஒருவரைப்போல. அந்த மொழியில் 'சு' என்பது ஒன்றே பலதுக்கும் பொது. அவருடைய, அவளுடைய, உங்களுடைய, எதுவாகவும் இருக்கலாம். அவள் ஒரு சிறு கேள்வி கேட்டாள்.

"என்ன கேக்கிறா?" அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ளபடி சொல்லு பிள்ளை."

"ஆற்றை மனிசி எண்டு கேக்கிறா, அம்மா."

நிவேதனா அதற்கு மேலே சொல்லவேண்டிய வசனத்தைத் தேடினாள். இரண்டு மொழியிலும் தேடினாள். அம்மா அதற்குக் காத்திருக்கவில்லை.

"றொபின்," என்று அப்பாவின் பெயரைச் சொன்னாள். சத்தமாக இல்லை. அடுத்த அறையில் இருக்கும் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

அங்கே அந்தப் பெண் மெல்லத் திரும்பி, தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். அவளுடைய தோளுக்கும் திரையின் ஓரத்துக்கும் இடையில் லூசியா தலையை நுழைத்து, மிச்சப் பாணை வாய்க்குள் திணித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். தண்ணீர் நின்றது.